வேர் கழுவவா எம்.எஸ்சி. படித்தேன்?

கேள்வி: பேரையூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா மானாவாரியில் குதிரைவாலியும் பருத்தியும் போடுகிறார். எம்.எஸ்சி. தாவரவியல் முடித்து, மதுரையில் ஒரு வேர் ஆராய்ச்சி ஆய்வகத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. குதிரைவாலி வறட்சியில் எப்படி வேர் விடுகிறது என்பதுதான் திட்டம். காலையில் போனதும் வாளியும் சல்லடையும்தான். இதுவரை 300 மாதிரிக்கு மேல் கழுவிவிட்டேன். சீனியர் அண்ணன் கட்டுரை எழுதிவிட்டார், அடுத்த மாதம் அனுப்பப் போகிறார்கள். வரைவில் என் பெயர் எங்கேயும் இல்லை. கேட்டதற்கு, 'நீ கழுவித்தானே கொடுத்த' என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் என்ன வேலை என்று கேட்டபோது அம்மா 'சயின்டிஸ்ட்' என்றார், அப்பா 'வேர் கழுவுது' என்றார். பி.எட். சேரச் சொல்கிறார். இது ஆராய்ச்சியா, கூலி வேலையா? இருக்கவா, விடவா? இன்னொன்று, பெரிய விஷயமில்லை: இரண்டு வாரம் நான் ஊருக்குப் போயிருந்தபோது வந்த மாதிரிகளை வேறொருவர் பெரிய கண் சல்லடையில் கழுவிவிட்டார். சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. – பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்.

பதில்: உன்னை நீ என்றே எழுதுகிறேன், என் மகளைவிடச் சின்னவள். முப்பது வருஷத்துக்கு மேல் பயிர் வினையியல் ஆய்வகங்களில் கிடந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக் காலம் வேரோடுதான்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உன் அப்பா சொன்ன பதிலில் சிரித்துவிட்டேன். இரண்டாம் தடவை கடைசி வரியில் நின்றுவிட்டேன். 'பெரிய விஷயமில்லை' என்று எழுதியிருக்கிறாயே, கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடலாம், உன் அப்பாவும் படிக்கக்கூடும் என்பதால்.

செம்மண்ணில் எடுத்த வேர் ஒரு வாளித் தண்ணீரில் சுத்தமாகிவிடும். கரிசல் அப்படி விடாது. அதிலிருக்கிற களி தண்ணீரைக் குடித்து உப்பி, மயிரிழை வேரைச் சுற்றி மெழுகு மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் மண்ணோடு வேரும் போய்விடும். முந்தின ராத்திரியே கால்கன் (களியைப் பிரித்துவிடுகிற ஒரு உப்பு) கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கையால் மெல்லச் சுழற்றி, மிதந்து வருவதைச் சல்லடையில் ஊற்றி, அடியில் தங்கிய மண்ணுக்கு மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி சுழற்றி... ஐந்தாறு தடவையாவது ஆகும். பிறகு வெள்ளைத் தட்டில் கொட்டி இடுக்கியால் பொறுக்க வேண்டும். உயிருள்ள வேர் வெளிறி இருக்கும், இழுத்தால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். செத்தது கறுத்திருக்கும், தொட்டால் ஒடியும். கூடவே போன வருஷத்துத் தூர், சருகுத் துணுக்கு, கோரை வேர் எல்லாம் கலந்து கிடக்கும். எது குதிரைவாலி, எது கோரை என்று கண் பழகவே நாலைந்து மாதம் வேண்டும். உனக்கு இந்நேரம் பழகியிருக்கும். உன் சீனியர் அண்ணனுக்குப் பழகியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு செடியின் வேரை நிறுத்துப் பார்த்தால் எடையெல்லாம் தடித்த வேரில் இருக்கும். நீளத்தை அளந்தால் கதை மாறிவிடும், பெரும்பங்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள வேர்களில் இருக்கும். தண்ணீரும் சத்தும் உறிஞ்சுகிற வேலையில் பெரும்பகுதி அவற்றுடையது. 1937-ல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கர், பெட்டியில் நாலு மாதம் வளர்த்த ஒற்றை ரை செடியின் வேரைக் கழுவி எடுத்தார். ரை என்பது கோதுமைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரியான தானியம். ஒரு பகுதியை எண்ணி அளந்து மொத்தத்துக்குக் கணக்குப் போட்டதில், ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வேர்கள், தலையும் வாலுமாகச் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய 620 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்கே 460 சொச்சம்தான். வேரின் மேல் மயிர் மாதிரி முளைக்கிற வேர்த்தூவிகளை அவர் தனியாகக் கணக்கிட்டார், அவை 1,400 கோடி. இன்றைக்கும் வேர் பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விடுவதில்லை. அந்த மனிதர் வேர் கழுவியவர்தான்.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். நெல்லில் வேரை ஆழமாக இறங்கச் செய்கிற மரபணு ஒன்று, டி.ஆர்.ஓ.1 என்று பெயர். ஜப்பானைச் சேர்ந்த யுசாகு உகாவும் கூட்டாளிகளும் 2013-ல் அதை வெளியிட்டார்கள். பிலிப்பைன்ஸ் மேட்டுநிலத்து நெல் ஒன்றிலிருந்து அதை எடுத்து, மேலோட்டமாக வேர் விடுகிற ஐ.ஆர்.64 என்ற நெல் ரகத்துக்குள் கொண்டுவந்தபோது, வறட்சியிலும் அது விளைச்சல் கொடுத்தது. மரபணு, குரோமோசோம் என்று கேட்கப் பிரமாதமாக இருக்கும். எந்தச் செடி ஆழமாக வேர் விடுகிறது என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கம்பிவலைக் கிண்ணத்தில் செடியை வளர்த்து, எத்தனை வேர் அடிப்பக்கத்து ஓட்டையில் எட்டிப் பார்க்கிறது, எத்தனை பக்கவாட்டில் போகிறது என்று எண்ணினார்கள். நம் வீட்டு வடிகட்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வடிகட்டி முன்னால் உட்கார்ந்து எண்ணியது கூலி வேலை என்றால், அந்தக் கண்டுபிடிப்பே கூலி வேலையில் தொடங்கியதுதான்.

இப்போது உன் கடைசி வரி. பெரிய கண் சல்லடை.

உன் வழக்கமான சல்லடை அரை மில்லிமீட்டர் கண் என்று வைத்துக்கொள்கிறேன். மற்றவர் எடுத்தது இரண்டு மில்லிமீட்டராக இருந்தால், மயிரிழை வேரில் எவ்வளவோ சாக்கடைக்குப் போயிருக்கும். எடையில் அது பெரிதாகத் தெரியாது. ஸ்கேனரில் வைத்து நீளம் எடுத்தால் பளிச்சென்று தெரியும். அந்த இரண்டு வாரத்து மாதிரிகள் எந்தப் பாத்தியிலிருந்து வந்தவை? உடனே பதிவேட்டைப் பார். ஒரு பிளாக்கில் (எல்லா வகைப் பாத்தியும் வரும்படி வயலைப் பிரித்த ஒரு கூறு) இருக்கிற எல்லாப் பாத்தியும், தண்ணீர் விட்டதும் காயப்போட்டதும் சேர்ந்தே, அந்த வாரத்தில் கழுவப்பட்டிருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். சல்லடையால் வந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி பிளாக் வித்தியாசத்தோடு போய்விடும், பகுப்பாய்வில் பிரித்துவிடலாம். காயப்போட்ட பாத்தி மட்டும் மொத்தமாக அந்தச் சல்லடையில் போயிருந்தால் கதை வேறு. 'வறட்சியில் குதிரைவாலி மெல்லிய வேரைக் குறைத்துக்கொள்கிறது' என்று கட்டுரை சொல்லும். குறைத்தது குதிரைவாலியா, சல்லடையா? எப்போதும் பாத்தி வகை வாரியாகக் கழுவாதே, பிளாக் வாரியாகக் கழுவு என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான்.

இதைச் சும்மா சொன்னால் இந்தத் தடவையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எண்ணோடு போ. வேரோடு எடுத்து இன்னும் கழுவாத மண் உருளைகள் குளிர்பெட்டியில் மிச்சம் இருந்தால் ஏழெட்டை எடுத்துக்கொள். ஒவ்வொன்றையும் முதலில் பெரிய கண்ணில் கழுவு, கீழே போகிற தண்ணீரை வாளியில் பிடி, அந்தத் தண்ணீரையே சின்னக் கண்ணில் ஊற்று. இரண்டு சல்லடையிலும் நின்ற வேரைத் தனித்தனியாக ஸ்கேன் செய். மொத்த நீளத்தில் எத்தனை சதவீதம் பெரிய கண்ணில் தப்பிப் போகிறது என்று கையில் வந்துவிடும். ஒரு வாரத்து வேலை. அதை ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, கைடிடம் நேராகக் கொடு, மெயிலிலும் அனுப்பு. 'சார், கட்டுரை போவதற்கு முன்னால் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்' என்றால் போதும். கழுவியவர் யார் என்பதை இழுக்காதே, தேதி மட்டும் சொல். அன்றைக்குப் பெயர்ப் பிரச்சினையையும் எடுக்காதே, ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னால் பெயர் வராத கோபத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்று ஆகிவிடும்.

உன் ஆய்வகத்து ஆட்களைப் பற்றி நீ அதிகம் எழுதவில்லை. எழுதாமலே எனக்குத் தெரியும், எல்லா இடத்திலும் அதே ஆட்கள்தான். கைடு வேரைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். அவர் தொடுவதெல்லாம் கொட்டேஷனும் யூ.சி.யும்தான் (திட்டப் பணத்தைச் செலவழித்ததற்கான சான்று), மார்ச் மாதம் பக்கத்தில் போகவே முடியாது. சீனியர் அண்ணன் நாலாவது, ஐந்தாவது வருஷத்தில் இருப்பார். யு.ஜி.சி. 2022 விதிப்படி பிஎச்.டி.க்கு ஆறு வருஷம் கெடு, அதற்குமேல் நீட்டிப்புக் கேட்டு நிற்க வேண்டும். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே, பயந்து போயிருக்கிறார். அது உன் பெயரை விடுவதற்குக் காரணம் ஆகாது என்பது வேறு. ராத்திரி கரண்ட் போனால் வளர்ப்பு அறைக்கு ஜெனரேட்டர் போடுகிற வாட்ச்மேன் ஒருவர் இருப்பார், அவர் ஒரு நாள் தூங்கினால் ஒரு பருவத்துச் செடி காலி. தினக்கூலிக்கு வருகிற அம்மாக்கள் இருப்பார்கள். நான் இருந்த இடத்தில் வந்த இரண்டு பேர் வீட்டில் மல்லிகை கட்டிக் கொடுக்கிறவர்கள். அந்த விரல் இடுக்கியைப் பிடித்தால் ஒரு வேர் அறாது. பிஎச்.டி. மாணவர்கள் ஒரு தட்டு பொறுக்குவதற்குள் அவர்கள் இரண்டை முடித்துவிட்டு ஊர்க்கதையும் பேசியிருப்பார்கள்.

பெயர் விஷயத்தில் உனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கழுவிக் கொடுத்ததற்காக மட்டும் ஆசிரியர் பட்டியலில் பெயர் வராது. மருத்துவ இதழாசிரியர்கள் வகுத்த விதியைத்தான் மற்ற அறிவியல் இதழ்கள் பலவும் ஒட்டி நடக்கின்றன. தரவு திரட்டியதில் கணிசமான பங்கு இருக்க வேண்டும், எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும், முடிவான வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும், நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும். முதலாவது உன்னிடம் வேண்டிய அளவு இருக்கிறது. இரண்டாவதுதான் இல்லை. ஆனால் அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: தரவில் பெரும்பங்கு இருக்கிறவருக்கு எழுதுவதில் சேர வாய்ப்புக் கொடுக்க வேண்டும். உன் பிடி அங்கேதான். சல்லடை விஷயம் முடிந்து நாலு நாள் கழித்துப் போ. 'வேர் எடுத்த முறை, கழுவிய முறை, அளந்த முறை, இந்தப் பகுதியை நான் எழுதித் தருகிறேன் சார். அப்படி எழுதினால் என் பெயரைச் சேர்க்க முடியுமா?' என்று நேராகக் கேள். சீனியரிடம் கேட்காதே, அந்த முடிவு அவர் கையில் இல்லை. கட்டுரை போவதற்கு முன்னால் கேள், போனபிறகு பெயர் சேர்ப்பது பெரிய தலைவலி. யார் என்ன செய்தார்கள் என்று பதினான்கு வகையாகப் பிரித்து எழுதும் ஏற்பாடு இப்போது நிறைய இதழ்களில் உண்டு. அதில் ஆய்வு நடத்தியவர், தரவைப் பேணியவர் என்றெல்லாம் தனி இடமே இருக்கிறது. உன் கைடுக்கு அது தெரிந்திருக்கும், நீயும் தெரிந்துகொண்டு போ.

வேர் ஆராய்ச்சியில் உதவியவர் பெயரைப் போடுவது பழைய சங்கதி. வேர்நுனிதான் திசையை உணர்கிறது, நுனியை வெட்டிவிட்டால் வேர் வளையத் தெரியாமல் நேரே போகிறது என்று டார்வின் 1880-ல் எழுதினார். அந்தப் புத்தகத்தின் முகப்புப் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே, 'பிரான்சிஸ் டார்வின் உதவியுடன்' என்று மகன் பெயரும் இருக்கிறது. மகன் என்பதால் போட்டார் என்று நீ சொல்லலாம். போட்டாரா இல்லையா?

நான் போடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த முதல் வருஷம் ஒரு பருவத்து நெல் வேரை முழுக்கக் கழுவி, எரிசாராயம் கலந்த தண்ணீரில் போட்டு, டப்பாவுக்குள் சீட்டு வைத்தேன். அழியாத மை என்று கடைக்காரர் சொன்ன பேனாவில் எழுதிய சீட்டு. பத்து நாள் கழித்துத் திறந்தால் சீட்டெல்லாம் வெள்ளை வெளேர், தண்ணீர் நீலம். எது எந்தப் பாத்தி என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். அங்கே ஒரு லேப் அண்ணன் இருந்தார், எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தவர். வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய், ஒரு பென்சிலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். 'கரி கரையாதும்மா' என்றார். அதற்கப்புறம் அந்த ஆய்வகத்தில் சீட்டு எல்லாம் பென்சிலில்தான். கரிசலில் வேர் எடுக்க ஊறப்போடும் நேரம், சல்லடையைச் சாய்க்கும் கோணம், எல்லாம் அவர் கைப்பழக்கத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டதுதான். என் ஆய்வேட்டு நன்றியுரையில் கருவி வாங்கப் பணம் கொடுத்த அலுவலகத்துக்கு நன்றி இருக்கிறது, தட்டச்சு செய்தவருக்கு நன்றி இருக்கிறது, அவர் பெயர் இல்லை. மறந்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை என்பது இப்போது எனக்கே ஆறுதலாக இல்லை. நீ எழுதப் போகும் பகுதியில் அந்த அம்மாக்கள் பெயரை நன்றியுரையில் சேர்க்கச் சொல். சம்மதம் கேட்டுவிட்டு முழுப் பெயராகப் போடு.

இருப்பதா விடுவதா என்பதற்கு என் பதில்: அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பார். கைடு உட்கார்ந்து படித்துக் கேள்வி கேட்டால், அவர் கீழேயே பிஎச்.டி. யோசிக்கலாம். 'அதெல்லாம் விடும்மா' என்று மூடி வைத்துவிட்டால், திட்டம் முடிகிறவரை இருந்து அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு இடம் பார். எப்படியும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்குப் படி. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வந்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அது கையில் இருந்தால் கைடைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் நீ இருப்பாய். பணம் மாதா மாதம் ஒழுங்காக வரும் என்று மட்டும் நம்பி வட்டிக்கு வாங்காதே.

பி.எட்.டை நான் பழிக்க மாட்டேன். அரசுப் பள்ளியில் முதுநிலை ஆசிரியராக அது வேண்டும், இரண்டு வருஷப் படிப்பு, முப்பது வயதிலும் சேரலாம். கரிசலில் வேர் எடுத்துப் பழகிய கைக்கு இப்போதுதான் வேலை. இன்னொன்று, தேனிப் பக்கம் வாழைத் திசு வளர்ப்புக் கூடங்கள் இருக்கின்றன, உயிர் உரம் தயாரிக்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கேயும் பொறுமையான கண்ணுக்கு மரியாதை உண்டு. விசாரித்து வை.

உன் அப்பாவுக்கு நீ விளக்கம் சொல்லிப் பிரயோசனமில்லை. காட்டு. புரட்டாசியில் விதைத்த குதிரைவாலி கார்த்திகையில் கதிர் வாங்குகிற சமயம் ஊருக்குப் போ. வரிசையிலிருந்து ஒரு சாண் தள்ளி இடுப்பளவு குழி வெட்டச் சொல். அதற்குமேல் வேண்டாம், மழை பெய்த மறுநாளும் வேண்டாம், கரிசல் சரியும். செடிப் பக்கத்துச் சுவரைக் கத்தியால் வழித்து நேராக்கு. மருந்தடிக்கிற ஸ்பிரேயரை நன்றாகக் கழுவிவிட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, சுவரில் மெல்ல அடி. அரை சென்டிமீட்டர் மண் கரைந்ததும் வேர் நுனிகள் வெள்ளை வெள்ளையாக நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணாடித்தாளில் ஐந்து சென்டிமீட்டர் கட்டம் போட்டு எடுத்துப் போய்ச் சுவரில் சாத்து. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை என்று அப்பாவை எண்ணச் சொல், நீ எழுது. முப்பது வருஷமாக அந்தப் பயிரைப் போடுகிறவர், மேலே இருப்பதை மட்டும்தான் பார்த்திருப்பார். எந்த ஆழத்தில் மண் இறுகி வேர் திரும்பியிருக்கிறது, எங்கே பழைய வெடிப்பு வழியாக இறங்கியிருக்கிறது என்று அவரே உனக்குச் சொல்வார், ஏனென்றால் எந்த வருஷம் எங்கே எவ்வளவு ஆழம் உழுதார் என்பது அவருக்குத்தான் தெரியும். அதையும் எழுதிக்கொள்.

பென்சில் இரண்டாக எடுத்துப் போ. ஒன்று எப்படியும் குழிக்குள் விழுந்துவிடும்.